வெள்ளாற்றின் உப்பை யார் அளப்பது?

பிச்சாவரம் அலையாத்திக் காடு ஏன் அழிகிறது என்று 1990களின் தொடக்கத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் விறகுக்கு வெட்டுகிறார்கள், மாட்டை விட்டு மேய்க்கிறார்கள். அதிகாரிகள் கூட்டத்திலும் அதுதான் பேச்சு, கல்லூரிக் கருத்தரங்கிலும் அதுதான் பேச்சு. நான் அப்போது அந்தக் காடு இருக்கும் கடலூர் மாவட்டத்தில் விலங்கியல் ஆசிரியர். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அந்த ஊர்ப் பிள்ளைகளின் முகம் நினைவுக்கு வரும். அவர்களுடைய அப்பா அம்மாவைத்தான் எல்லோரும் குற்றவாளி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் வி.செல்வமும் அவரோடு வேலை செய்தவர்களும் காட்டுக்குள் இறங்கித் தரையின் மட்டத்தையும் மண்ணின் உப்பையும் அளந்தார்கள். அளவுகள் வேறொன்றைச் சொல்லின. பிரிட்டிஷ் காலம் தொட்டு 1970கள் வரை அந்தக் காட்டைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் முறைவைத்து அடியோடு வெட்டி எடுப்பதுதான் நிர்வாகமாக இருந்தது. மரம் போன இடத்தில் வெயில் நேராக விழுந்தது. மண்ணிலிருந்த நீர் ஆவியானது. களிமண் சுருங்கி, தரை தாழ்ந்து, நடுவில் குழிந்துவிட்டது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே தேங்கிக் காய்ந்தது. நீர் போய் உப்பு நின்றது. எந்த உப்பையும் தாங்கும் என்று பெயரெடுத்த வெண்கண்டல்கூட அந்தக் குழிகளில் முளைக்கவில்லை. மாடு மேய்ந்ததும் விறகு வெட்டியதும் உண்மைதான். ஆனால் காடு திரும்பி வராமல் போனதற்கு அவை மூலகாரணம் அல்ல.

காரணம் தெரிந்ததும் வைத்தியமும் தெரிந்தது. இயற்கையான ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதன் இரு பக்கமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் வடிவம். ஏற்றமும் வற்றமும் அந்த வாய்க்கால்கள் வழியே ஒவ்வொரு நாளும் மண்ணைக் கழுவின. உப்பு இறங்கிய இடத்தில், ஊர்மக்களே சேர்ந்து, வாய்க்கால் கரையில் கன்றுகளை நட்டார்கள். 1986-க்கும் 2002-க்கும் இடையே காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியது என்று செல்வமும் சகாக்களும் செயற்கைக்கோள் படங்களை வைத்து 2003-ல் எழுதினார்கள்.

இந்தக் கதையைத் தன்னார்வ முயற்சியின் வெற்றியாகப் பலர் சொல்வார்கள். அது சரி. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அளந்து எழுதிவைத்த எண் கையில் இல்லாதபோது, பழி எப்போதும் பலமில்லாதவர் தலையில்தான் விழுகிறது. எண் வந்த பிறகுதான் அது இறங்குகிறது.

பருவநிலை மாற்றத்துக்காகப் பல்கலைக்கழகங்கள் என்ன செய்ய வேண்டும் என்று இப்போது நிறையப் பேசப்படுகிறது. புதிய துறைகள், புதிய மையங்கள், பன்னாட்டு மாநாடுகள். எனக்கு இருப்பது ஒரே கோரிக்கை. ஒரே இடத்தில், ஒரே முறையில், ஆண்டு தவறாமல் அளக்கும் வேலையை விட்டுவிடாதீர்கள். விட்ட இடங்களில் மீண்டும் தொடங்குங்கள். அதற்கென்று நிரந்தரமாக ஆள் போடுங்கள்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், எங்கள் பகுதியில் அதற்கான இடமும் இருக்கிறது, மரபும் இருக்கிறது. வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் நிற்கிறது. ஆர்.வி.சேஷையா என்ற பேராசிரியர் தொடங்கி வளர்த்த இடம். ஆற்று முகத்துவாரம், உப்பங்கழி, அலையாத்திக் காடு, திறந்த கடல் நான்கும் படகில் போய் வரும் தொலைவில் அமைந்த ஆய்வுக்கூடம் அபூர்வம். வெள்ளாற்றின் நீரையும் அதில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் பற்றித் தலைமுறை தலைமுறையாக அங்கே ஆய்வேடுகள் எழுதப்பட்டிருக்கின்றன. பேராசிரியர் கே.கதிரேசன் பிச்சாவரத்தில் கண்டு பெயரிட்ட ரைசோபோரா அண்ணாமலையானா என்ற சுரபுன்னை, இரண்டு இனங்கள் கலந்து பிறந்த மரம். பல்கலைக்கழகத்தின் பெயரே அதன் பெயரில் இருக்கிறது.

முகத்துவாரத்தில் உப்பு அளப்பது கடினமான வேலை இல்லை. ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் ஒரு சொட்டு நீரை விட்டு வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் அளவு தெரிந்துவிடும். நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். குப்பியில் ஒரு குமிழிகூட இல்லாமல் நீரை நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டையும் கார அயோடைடையும் படகிலேயே விட்டு மூடிவிட வேண்டும். பழுப்பாக ஒரு படிவு இறங்கும். கரைக்கு வந்து அமிலம் விட்டுக் கரைத்து, ஸ்டார்ச் சேர்த்து, தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட, நீலம் மறையும் அந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு கூடினால் எண் கெட்டுவிடும். இதை ஒழுங்காகக் கற்றுக்கொண்ட மாணவர் வாழ்நாளில் எந்த எண்ணையும் அலட்சியமாக எழுத மாட்டார். எத்தனையோ பேரிடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒருநாள் அளந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் இறங்கும் ஐப்பசி, கார்த்திகையில் முகத்துவாரத்து நீர் கிட்டத்தட்ட நன்னீர். சித்திரை, வைகாசியில் அதே இடத்தில் கடலின் உப்பு, ஆயிரத்துக்கு 35 பங்கு. ஓர் ஆண்டுக்குள்ளேயே இவ்வளவு ஏறி இறங்கும் இடத்தில், பத்தாண்டுக்கு ஒன்றோ இரண்டோ பங்கு கூடுகிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆற்றில் வரும் நீர் குறைந்ததாலா, மழை தவறிப் பெய்வதாலா, கடல் மட்டம் உயர்வதாலா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இரண்டாண்டு அளவை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல யாராலும் முடியாது. முப்பதாண்டு அளவு வேண்டும், அதுவும் நடுவில் அறுபடாமல்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வு மாணவி என்னைப் பார்க்க வந்தார். முகத்துவாரத்தின் உப்பு அவருடைய அப்பா காலத்துக்கும் இப்போதைக்கும் மாறியிருக்கிறதா என்பதுதான் அவருடைய கேள்வி. அப்பா மீனவர். “முன்னெல்லாம் மழைக்காலத்துல ஆத்துல வர்ற மீனு இப்ப வர்றதில்ல சார், உப்பு ஏறிப்போச்சுன்னு அப்பா சொல்றாங்க. அதை நான் நிரூபிக்கணும்” என்றார். இதைவிட நல்ல ஆய்வுக் கேள்வியை நான் கேட்டதில்லை.

இருவரும் உட்கார்ந்து தேடினோம். சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் பழைய ஆய்வேடுகள் பல கிடைத்தன. ஒவ்வொன்றிலும் இரண்டாண்டு அளவு. ஒருவர் பாலத்தின் கீழே எடுத்திருந்தார், இன்னொருவர் முகத்துவாரத்தில். ஒருவர் ஏற்றத்தில், ஒருவர் வற்றத்தில், எப்போது என்று எழுதாதவர் பலர். நடுவே பல ஆண்டுகள் யாருமே அளக்கவில்லை. அட்டவணைகளில் இருந்தது மாதச் சராசரி மட்டும். அன்றன்று படகில் எழுதிய நோட்டுகள் கிடைத்தால் எல்லாவற்றையும் ஓரளவுக்கு ஒப்பிட்டுவிடலாம் என்று கல்லூரி கல்லூரியாகக் கேட்டார். ஓரிடத்தில் ஆய்வகத்துக்கு வெள்ளையடித்தபோது பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். இன்னோர் இடத்தில் அந்த நோட்டு வழிகாட்டிப் பேராசிரியரோடு ஓய்வு பெற்றுப் போயிருந்தது. கடைசியில் அந்தப் பெண் தலைப்பை மாற்றிக்கொண்டார். அவருடைய அப்பா சொன்னது சரியா தவறா என்று இன்றைக்கும் எண் வைத்துச் சொல்ல முடியாது.

அந்த ஆய்வேடுகளை எழுதியவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. அவர்கள் காலை இருட்டில் படகேறிச் சேற்றில் இறங்கி வேலை செய்தவர்கள். குறை அமைப்பில் இருக்கிறது. ஆய்வுத் திட்டம் என்றால் நம்மிடம் பெரும்பாலும் மூன்றாண்டு. மூன்றாம் ஆண்டு முடிவில் அறிக்கையும் செலவுக் கணக்கும் கொடுத்ததும், திட்ட உதவியாளராக இருந்த இளைஞர் வீட்டுக்குப் போய்விடுவார். படகு வாடகைக்குப் பணம் நின்றுவிடும். அடுத்த விண்ணப்பத்தில் “இதே இடத்தில் இதே அளவை இன்னும் மூன்றாண்டு எடுக்கிறேன்” என்று எழுதிப் பாருங்கள்; இதில் புதுமை எங்கே என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கல்வி நிறுவனங்களின் தேசிய தரவரிசையில் ஆய்வுக்கென்று முக்கியமாக எண்ணப்படுவது கட்டுரைகளும் மேற்கோள்களும். விடாமல் அளந்த ஆண்டுகளுக்கு அதில் மதிப்பெண் கிடையாது. ஆய்வுக்கும் வளர்ச்சிக்கும் நாடு செலவிடுவதே மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு. அந்தச் சிறு தொகைக்குள்ளும் இந்த வேலை கடைசிப் பந்தியில்தான் உட்காருகிறது.

விடாமல் அளந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். நீலகிரி மாவட்டத்து முதுமலையில் இருக்கிறது. 1988-ல் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர்.சுகுமாரும் அவர் குழுவினரும் அங்கே 50 ஹெக்டேர் காட்டை எல்லை கட்டி, மார்பு உயரத்தில் விட்டம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்தார்கள். 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள். ஆண்டுதோறும் எது செத்தது, எது புதிதாகச் சேர்ந்தது என்று போய்ப் பார்ப்பார்கள். நான்காண்டுக்கு ஒருமுறை பருமனை அளப்பார்கள். யானையும் புலியும் நடமாடும் காட்டில், உள்ளூர்ப் பழங்குடி உதவியாளர்களின் கண்ணையும் காலையும் நம்பி நடக்கும் வேலை இது.

அதிலிருந்து கிடைத்த ஒரு முடிவை மட்டும் சொல்கிறேன். எச்.எஸ்.சுரேஷ், எச்.எஸ்.தத்தராஜா, சுகுமார் மூவரும் 19 ஆண்டு அளவுகளை வைத்து 2010-ல் எழுதினார்கள். மழை குறைந்தால் மரங்கள் சாவது கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்போது கூடும் என்பதுதான் அவர்கள் கண்டது. பெரிய மரங்கள் வறட்சி ஆண்டிலேயே சாவதில்லை. மழை பொய்த்து இரண்டு, மூன்று ஆண்டு கழித்துத்தான் சாவு கூடுகிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வறட்சி வந்ததும் அவசரமாக ஒரு மூன்றாண்டுத் திட்டம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மரங்கள் வறட்சியைத் தாங்கிவிட்டன என்று முதலிரண்டு ஆண்டு எண்களைக் காட்டி ஓர் அறிக்கை எழுதப்பட்டிருக்கும். அதன் மேல் ஒரு கொள்கை எழுதப்பட்டிருக்கும். திட்ட அலுவலகத்தைப் பூட்டிய பிறகு மரங்கள் செத்திருக்கும், பார்க்க ஆளில்லாமல்.

உலகமே அறிந்த உதாரணமும் ஒன்று உண்டு. சார்லஸ் டேவிட் கீலிங், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்துக்காரர். 1958-ல் ஹவாயின் மௌனா லோவா மலையில் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். பத்து லட்சத்துக்கு 313 பங்கு என்று தொடங்கிய அந்தப் பதிவு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. 1964-ல் பணவெட்டால் சில மாதம் நின்றது. அந்த இடைவெளி இன்றும் அவருடைய வரைபடத்தில் தெரியும். வழக்கமான அளவீட்டுக்கெல்லாம் ஆய்வு நிதியா என்ற கேள்வியோடு அவர் வாழ்நாளெல்லாம் போராடினார். பருவநிலை பற்றி இன்று உலகம் பேசுவதெல்லாம் அந்த “வழக்கமான” எண்களின்மேல்தான் நிற்கிறது.

எங்கள் கடற்கரைக்கே திரும்புகிறேன். 2004 டிசம்பர் 26. கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களைச் சுனாமி கொண்டுபோயிற்று. அதற்குப் பின் கதிரேசனும் என்.ராஜேந்திரனும் 18 கடலோரக் குப்பங்களில் கணக்கெடுத்தார்கள். ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு, முன்னால் எவ்வளவு மரம், எத்தனை சாவு, எவ்வளவு இழப்பு. மரப்பரப்பும் தூரமும் மேடும் கூடக் கூடச் சாவு குறைந்தது என்று 2005-ல் அவர்கள் கட்டுரை வெளியானது. அதே ஆண்டு சயின்ஸ் இதழிலும் கடலூர்க் கரையை வைத்து இதே திசையில் இன்னொரு கட்டுரை வந்தது. அலையாத்தி காக்கும் என்று உலகமெங்கும் செய்தி பரவியது.

மறு ஆண்டே எதிர்க் கட்டுரை. கெர், பேர்டு, கேம்பெல் என்ற மூவர் கதிரேசன், ராஜேந்திரன் கொடுத்த அதே எண்களை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். ஒரே மேடு, ஒரே தூரத்தில் இருக்கும் ஊர்களை ஒப்பிட்டால் மரப்பரப்பால் சாவு குறைந்ததாகச் சொல்ல முடியாது என்றார்கள். இதற்கு வெர்மாட், தம்பன்யா என்ற இருவர் மறுப்பு எழுதினார்கள். மீண்டும் கணக்குப் போட்டுப் பார்த்தால் மரங்கள் காத்தது தெரிகிறது என்றார்கள்.

இந்த விவாதத்தைக் கேட்டு “அப்போ யார் சொல்றதுதான் சரி?” என்று என் நண்பர்கள் சலித்துக்கொண்டது உண்டு. எனக்கு அது சலிப்புத் தரவில்லை. பரங்கிப்பேட்டையிலிருந்து எழுதியவர்கள் ஊர்வாரியாக எண்களை அச்சில் வைத்தார்கள். வைத்ததால்தான் எங்கோ இருக்கும் ஒருவர் அவற்றை எடுத்து அவர்களையே கேள்வி கேட்க முடிந்தது. முடிவை மட்டும் சொல்லி எண்ணைப் பெட்டிக்குள் வைத்திருந்தால் அந்த விவாதமே நடந்திருக்காது. அது உயிர் சம்பந்தப்பட்ட விவாதம். மரம் நட்டால் போதும், கரையிலேயே வீடு கட்டலாம் என்று யாராவது கிளம்பினால் அடுத்த அலையில் ஊரே போய்விடும். மேடும் தூரமும் முக்கியம் என்பதை அந்தக் கட்டுரைகள் எதுவும் மறுக்கவில்லை. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், மேட்டில், அடர்ந்த காட்டுக்குப் பின்னால் குடியிருப்பு இருக்கட்டும் என்றுதான் கதிரேசனும் ராஜேந்திரனும் பரிந்துரைத்தார்கள்.

18 ஊர் என்பது சிறிய எண்ணிக்கை. மரமும் மேடும் தூரமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது பிரித்தெடுக்க அது போதாது. அலை வருவதற்கு முன்பே நூறு ஊர்களின் மேடும், மரப்பரப்பும், கரைக்கோடும் எழுதிவைக்கப்பட்டிருந்தால் இவ்வளவு இழுபறி வந்திருக்காது. 2011 டிசம்பரில் தானே புயல், 2015-ல் பெருவெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் புயல். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஆய்வுக் குழுக்கள் வருகின்றன, சேதத்தைக் கணக்கெடுக்கின்றன. முன்பு எப்படி இருந்தது என்று அவர்கள் கேட்கும்போது கொடுக்க நம்மிடம் ஏடு இல்லை.

இனி வரப்போவதற்குத்தான் இந்த ஏடு இன்னும் அதிகம் தேவை. 1993 முதல் 2017 வரை வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 3.3 மில்லிமீட்டர் உயர்ந்ததாக மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 மதிப்பீடு சொல்கிறது. அலையாத்திக் காடு இதற்கு ஈடுகொடுக்கக்கூடியது. வேர்கள் வண்டலைப் பிடித்துத் தரையை உயர்த்துகின்றன. கடல் ஏறும் வேகத்துக்குத் தரையும் ஏறினால் காடு பிழைக்கும். காற்றுப் புகாத அந்தச் சேற்றில் இலையும் வேரும் மெல்லத்தான் மட்கும் என்பதால் கரிமமும் அங்கே நெடுங்காலம் தங்கும். பிச்சாவரத்தில் தரை ஏறுகிறதா? வண்டலைக் கொண்டுவரும் ஆறுகளில் நீரே குறைந்திருக்கும்போது எப்படி ஏறும்? ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் வீதம் கடல் ஏறினால் மூன்றாண்டில் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். ஒரு நண்டு வளை தோண்டித் தள்ளும் சேற்று மேடு அதைவிடப் பெரிது. ஒரே குச்சியை ஊன்றி, ஒரே இடத்தில், பதினைந்து இருபது ஆண்டு அளந்தால்தான் நண்டு செய்ததையும் கடல் செய்ததையும் பிரிக்க முடியும்.

செயற்கைக்கோள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பார்கள். மேலிருந்து எடுக்கும் படம் இலைப் பரப்பைக் காட்டும். பச்சை இலைக்குக் கீழே புதுக் கன்று முளைக்கிறதா என்று காட்டாது. வேரடி நீரின் உப்பைக் காட்டாது. வெண்கண்டல் பெருகி, நன்னீரை நம்பிய இனங்கள் அருகிப்போனதை மேலோட்டமான பச்சை நிறம் மறைத்துவிடும். 2022-ல் பிச்சாவரம் பன்னாட்டு ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டு தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கமும் தொடங்கியது. கடற்கரையெங்கும் அலையாத்திக் கன்றுகள் நடப்படுகின்றன. மகிழ்ச்சிதான். நட்ட கன்றுகளின் எண்ணிக்கை செய்தியில் வருகிறது. ஐந்தாண்டு கழித்து நிற்பவற்றின் எண்ணிக்கையை எடுக்கப் போகிறவர் யார் என்று திட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும். மீன்முள் வாய்க்கால்களும் தூர்ந்துபோகக்கூடியவை. எந்த வாய்க்கால் எந்த ஆண்டு தூர்ந்தது, உப்பு எப்போது மறுபடி ஏறத் தொடங்கியது என்பது அருகில் இருந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

அருகில் இருப்பவர் யார் என்றால், பிச்சாவரத்து இருளர் பெண்கள். ஓடையில் இடுப்பளவு நீரில் தவழ்ந்து, சேற்றுக்குள் கைவிட்டுத் தடவி இறாலைப் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட பறிக்குள் போடுகிறார்கள். எந்த ஓடையில் எந்த இறால் எந்த மாதத்தில் குறைந்தது என்று அவர்களிடம் கேட்டால் கணக்காகச் சொல்வார்கள். முதுமலையில் மரங்களின் ஏட்டைப் பழங்குடி உதவியாளர்கள் இல்லாமல் வைத்திருக்க முடியாது. இங்கேயும் அப்படித்தான் ஆக வேண்டும். ஆய்வு மாணவர் வந்து பேட்டி எடுத்துக்கொண்டு போய், நன்றியுரையில் “உள்ளூர் மக்கள்” என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவதை நிறுத்த வேண்டும். மாதச் சம்பளத்தோடு அளவாளர் பணி கொடுத்து, ஏட்டில் அவர்கள் பெயரிலேயே பதிய வேண்டும்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. கடலூர், நாகப்பட்டினம், ராமநாதபுரம், தூத்துக்குடி என்று நம் கடற்கரை மாவட்டங்களில் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. விலங்கியல், தாவரவியல், வேதியியல் துறைகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் செய்முறை வகுப்பில் பிள்ளைகள் உப்பும் ஆக்சிஜனும் அளந்துகொண்டுதான் இருக்கிறார்கள்; அந்த எண்கள் மதிப்பெண் போட்டதும் குப்பைக்குப் போகின்றன. அதே பிள்ளைகள், குறித்த இடத்தில், மாதந்தோறும் அமாவாசைக்கு மறுநாள், வற்றம் அடியிலிருக்கும் நேரத்தில் அளந்தால் அது தமிழ்நாட்டுக் கடற்கரையின் ஏடாகிவிடும். முறையைச் சொல்லித்தரவும், கருவிகளைச் சரிபார்க்கவும், தவறிய எண்ணைத் திருப்பி அனுப்பவும் பரங்கிப்பேட்டை போன்ற மையம் பொறுப்பேற்கலாம். அந்த மையத்தில் இதற்கென்று ஒரு நிரந்தரத் தொழில்நுட்பப் பணியிடம் வேண்டும். திட்டத்தோடு வந்து திட்டத்தோடு போகும் பணியிடம் வேண்டாம். வழிகாட்டிப் பேராசிரியர் ஓய்வு பெற்றாலும் ஏடு அங்கேயே இருக்க வேண்டும்.

அந்த ஏடு தமிழில் இருக்க வேண்டும் என்றும் கேட்கிறேன். ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுங்கள், உலகம் படிக்கட்டும். ஆனால் இந்த ஆண்டு எந்த ஓடையில் உப்பு எவ்வளவு, கரை எவ்வளவு அரித்தது, நட்ட கன்றில் நின்றது எவ்வளவு என்று இரண்டு பக்கம் தமிழில் எழுதி, ஆகஸ்ட் 15 கிராம சபையில் வாசியுங்கள். மீன்வளத் துறைக்கும் வனத் துறைக்கும் மனு எழுதும்போது அந்த இரண்டு பக்கத்தை ஊர்க்காரர்கள் இணைத்துக் கொடுப்பார்கள். கடலோரத்தில் இறால் பண்ணையோ தொழிற்சாலையோ வர இருக்கும்போது பொது விசாரணை நடக்கிறது. நிறுவனத்தின் தரப்பில் தடித்த அறிக்கை வருகிறது. எதிரில் நிற்கும் மீனவரிடம் வாய்வார்த்தை மட்டும்தான் இருக்கிறது. அவர் கையில் முப்பதாண்டு எண் இருந்தால் பேச்சு வேறாக இருக்கும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே முதல் அளவை எடுத்துவிடலாம். கருவிகளில் பெரும்பாலானவை ஆய்வகங்களில் ஏற்கெனவே இருக்கின்றன. உயர்கல்வித் துறையும் சுற்றுச்சூழல் துறையும் சேர்ந்து ஓர் அரசாணை போட வேண்டும். படகு வாடகைக்கும் அளவாளர் சம்பளத்துக்கும் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பு வேண்டும். மூன்றாண்டுக்குப் பிறகு புதுப்பிக்க விண்ணப்பிக்கத் தேவையில்லாத தலைப்பு. ஏட்டின் ஒரு பிரதி கல்லூரியிலும், ஒன்று மையத்திலும், ஒன்று அந்த ஊர் ஊராட்சி அலுவலகத்திலும் இருக்கட்டும்.